பதவிக்காலம் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊராட்சித் தலைவர் இரண்டு முறைக்கு மேல் நிற்கக் கூடாது, ஐந்து ஆண்டைக் குறைத்து மூன்றாக்க வேண்டும் என்றெல்லாம் மனு எழுதிக்கொண்டு சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். சங்கங்களுக்குத் துணைவிதி எழுதிக் கொடுப்பதும் உள்ளாட்சி மனுக்களைத் திருத்துவதும் நான் நெடுநாளாகச் செய்துவரும் வேலை. வருகிறவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தாளைப் பிரித்தால், எங்கள் தலைமுறை எழுதப் பழகியபோது சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். தேதி போடாதது, கையெழுத்து விட்டுப்போனது போன்றவற்றை நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்வீர்கள். காசையும் காலத்தையும் விழுங்கிவிடுகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தப்பான கதவைத் தட்டுவது

ஊராட்சியின் ஐந்தாண்டு என்பது கிராம சபையோ ஆட்சியரோ வைத்த கணக்கு கிடையாது. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் அதை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டது. முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் 74ஆவது திருத்தத்தில் இதே ஏற்பாடு. ஆகவே மூன்று ஆண்டாக்க வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியது. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பினால் அது கோப்பில் கிடக்கும், அவ்வளவுதான்.

இத்தனை முறைதான் நிற்கலாம் என்ற கோரிக்கைக்குக் கதவு வேறு. உள்ளாட்சிப் பதவிக்கு யார் தகுதியற்றவர் என்று மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்ற அரசமைப்புச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றவர் நிற்கக் கூடாது என்ற ஹரியானா சட்டத்தை 2003இலும், குறைந்தபட்சக் கல்வித்தகுதி கேட்ட அதே மாநிலத்தின் சட்டத்தை 2015இலும் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்தச் சட்டங்கள் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அவற்றில் உடன்பாடே இல்லை. மாநிலத்துக்கு இந்த அதிகாரம் இருக்கிறது என்பதற்கு அவை சான்று. தமிழ்நாட்டில் இன்று ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் ஊராட்சித் தலைவராகலாம். அதை மாற்ற வேண்டுமென்றால் சட்டமன்றத்துக்கு எழுதுங்கள்.

மலையிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: இது பழங்குடிப் பகுதி, எங்களுக்குத் தனி ஊராட்சிச் சட்டம் உண்டு என்று. அந்தத் தனிச் சட்டம், அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டும்தான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை அப்படிப்பட்ட பகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே இல்லை. சமவெளிக்கு என்ன சட்டமோ அதுதான் மலைக்கும்.

முடிகிற நாளை அந்தரத்தில் விடுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். கையில் வருகிற வரைவுகளில் பெரும்பாலானவற்றில் இந்த வரி இருக்கும்: "புதிய நிர்வாகக் குழு பொறுப்பேற்கும் வரை பழைய குழுவே தொடரும்." வேலை தடைபடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். மேலே பத்துப் பக்கத்தில் போட்ட கட்டுப்பாடு அத்தனையையும் இந்த ஒரே வரி அடித்துக்கொண்டு போய்விடும். தேர்தலை நடத்த வேண்டியவரும், நடத்தாவிட்டால் பதவியில் நீடிக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அவர் எதற்குத் தேர்தல் வைக்கப்போகிறார்?

மலையில் ஒரு விவசாயிகள் சங்கம். சங்கப் பதிவுச் சட்டப்படி குழுவின் காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. துணைவிதியிலும் மூன்று என்றுதான் இருந்தது, கூடவே அந்த வரியும் இருந்தது. மூன்றாண்டு முடிந்தபோது காபிப் பழம் பறிக்கும் நேரம், ஆள் கிடைக்காது என்று தள்ளிவைத்தார்கள். பறிப்பு முடிந்தால் மிளகு. மிளகு முடிந்தால் கோடை விழா, அப்புறம் மழை. இப்படியே இன்னொரு பதவிக்காலமும் ஓடிப்போனது. தீர்மானப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நீல அட்டை போட்ட நீளப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம்: "தேர்தலை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." கீழே அதே ஐந்தாறு கையெழுத்து. கூட வந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தேதி குறிக்கறதும் அவருதான், தள்ளி வெக்கறதும் அவருதான். நாங்க என்னங்க சார் பண்றது?"

அதற்குள் சேதம் நடந்து முடிந்திருந்தது. புதிய நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுக்காததால் வங்கியில் கணக்கை நிறுத்திவைத்துவிட்டார்கள். மிளகு தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கு ஏற்பாடாகியிருந்த மானியம் கைநழுவியது. பறிப்புக் கூலிக்கு உறுப்பினர்கள் ஆளுக்காள் வெளியில் கடன் வாங்கினார்கள். அந்தத் தலைவர் ஒரு பைசா எடுத்தவர் இல்லை. யோக்கியமான மனிதர் இருந்த சங்கத்திலேயே இத்தனையும் நடந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இதே தவறின் இன்னொரு முகத்தை மாநிலமே பார்த்தது. உள்ளாட்சி உறுப்பினர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் 2006இல் அதை வலியுறுத்தியிருக்கிறது. இருந்தும், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்களின் காலத்தை ஆறு ஆறு மாதமாக நீட்டித்துக்கொண்டே போனார்கள். சேலம் மாவட்ட ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். 60 வார்டு கொண்ட சேலம் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை கவுன்சிலரே இல்லை. ஒரு முழுப் பதவிக்காலத்தையும் தாண்டிய இடைவெளி அது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று போய்ச் சொல்ல வார்டில் ஒரு ஆள் கிடையாது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள்.

அரசமைப்புச் சட்டம் பழையவரைத் தொடரவிடவில்லை. ஆனால் காலியான நாற்காலியில் அதிகாரி வந்து உட்கார்ந்துகொண்டார். எனவே முடிகிற நாளை மட்டும் எழுதினால் போதாது, அடுத்த நாள் காலையில் சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் எழுத வேண்டும். சங்கத்துக்கு எழுதும்போது நான் நான்கு விஷயங்களை விடுவதில்லை. காலம் முடிய 60 நாள் இருக்கும்போது, போட்டியிடாத ஒருவரைத் தேர்தல் அலுவலராகப் பொதுக்குழு நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால் உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் சேர்ந்து தாங்களே பொதுக்குழுவைக் கூட்டலாம். காலம் முடிந்த குழு சம்பளம், மின்கட்டணம் தவிர வேறு எதற்கும் காசோலையில் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த அரைகுறை அதிகாரமும் 90 நாளோடு காலாவதி. ஊராட்சிக்கு மனு எழுதுகிறவர்கள், வார்டு வரையறையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலும் காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே வெளிவர வேண்டும் என்று கேளுங்கள். தேர்தல் தள்ளிப்போவதற்குக் காட்டப்படுகிற காரணங்கள் பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன.

"இரண்டு முறை" என்பதோடு நிறுத்திக்கொள்வது

இடைத்தேர்தலில் வந்து பாதிக்காலம் இருந்தவருக்கு அது ஒரு முறையா? இரண்டாவது முறை முடிய ஒரு மாதம் இருக்கும்போது ராஜினாமா செய்தால்? வாழ்நாளுக்கு இரண்டா, தொடர்ந்து இரண்டா? பக்கத்து வார்டில் போய் நின்றால்?

பிலிப்பைன்ஸ் நாட்டின் 1987 அரசமைப்புச் சட்டத்தைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது இது. உள்ளாட்சிப் பதவிக்கு மூன்றாண்டு, தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டு, தானாகப் பதவி விலகினால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் அங்கே சேர்த்திருக்கிறார்கள். போர்ச்சுகலில் மேயருக்குத் தொடர்ந்து மூன்று முறை என்று 2005இல் சட்டம் போட்டார்கள், வேறு ஊருக்குப் போய் நிற்கலாமா என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 2013 தேர்தலில் அது அரசமைப்பு நீதிமன்றம் வரை போய், வேறு ஊரில் நிற்கலாம் என்று முடிந்தது. நீங்கள் எழுதாமல் விட்டதை எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிக்கொள்வார்.

குடும்பத்தை மறப்பது

அதே பிலிப்பைன்ஸில் கணவர், பிறகு மனைவி, பிறகு மகன் என்று பதவி வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. நம் ஊரில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகும், தலைவரின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கிறோம். இதற்காக உறவினரே நிற்கக் கூடாது என்று எழுதினால், சொந்தக் காலில் நிற்க வருகிற பெண்ணுக்குத்தான் முதல் அடி விழும். கூட்டத்தில் உறுப்பினரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது என்று எழுதுங்கள். அதில் பலன் கிடைக்கும்.

காலத்தை ஒரேயடியாகச் சுருக்குவது

பெங்களூரு மாநகராட்சியில் மேயருக்குப் பல காலம் ஓராண்டுதான் பதவி இருந்தது. பட்ஜெட்டைப் புரிந்துகொள்வதற்குள் வழியனுப்பு விழா. அதிகாரமெல்லாம் ஆணையர் கையில் இருந்தது.

எல்லோரையும் ஒரே நாளில் மாற்றுவது

சங்கமென்றால் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு பேர் மாறும்படி எழுதலாம், ஊராட்சியில் அதற்கு வழியில்லை.

மாதம் பார்க்காதது

2019 ஊராட்சித் தேர்தல் டிசம்பர் 27, 30. ஏற்காட்டில் காபி பறிப்பு உச்சத்தில் இருக்கும் நேரம். தினக்கூலிக்காரருக்கு அது என்ன நாள் என்று யோசித்துவிட்டு உங்கள் சங்கத் தேர்தலுக்குத் தேதி எழுதுங்கள்.

இப்போது இருப்பவர் எந்தக் கணக்கில் வருவார் என்று சொல்லாதது

நியூயார்க் நகரத்தில் 1993இல் மக்களே வாக்களித்து மேயருக்கும் கவுன்சிலருக்கும் இரண்டு முறை என்று வரம்பு வைத்தார்கள். 2008இல் கவுன்சிலர்கள் தாங்களே கூடி அதை மூன்றாக்கினார்கள். அந்த வசதியில் மேயர் புளூம்பெர்க் 2009இல் மூன்றாவது முறை வென்றார். 2010இல் மக்கள் மறுபடி வாக்களித்து இரண்டுக்கே கொண்டுவந்தார்கள். வரம்புக்கு உட்பட்டவர் கையிலேயே அதைத் திருத்தும் அதிகாரத்தையும் கொடுத்தால் இதுதான் நடக்கும். என் வரைவுகளில் இதற்கு இரண்டு வரி உண்டு: பதவிக்காலம், முறை வரம்பு பற்றிய விதியை நிர்வாகக் குழு திருத்த முடியாது, பொதுக்குழு மட்டுமே திருத்தலாம். அப்படித் திருத்தி வரம்பைக் கூட்டினால், திருத்திய நாளில் பதவியில் இருக்கும் எவருக்கும் அது பொருந்தாது.