நேஷனல் டிரஸ்டில் உங்கள் ஓட்டு எங்கே போகிறது: புதிய உறுப்பினர்களுக்குப் படிப்படியாக

இங்கிலாந்தில் பழைய மாளிகைகளையும் கடற்கரைப் பாதைகளையும் சுற்றிப் பார்க்க, அவற்றைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டில் சேருகிறவர்கள் பலருக்கு, அந்த உறுப்பினர் அட்டையோடு ஓர் ஓட்டும் வருகிறது என்பது தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் போடுவதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால் அந்த ஓட்டு எப்படி வேலை செய்கிறது என்று அடியிலிருந்து சொல்கிறேன்.

முதல் படி: எதை ஆள்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

1895-இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற மூவர் தொடங்கிய அறக்கட்டளை இது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மட்டும்தான் இதன் எல்லை. ஸ்காட்லாந்துக்குத் தனி டிரஸ்ட் இருக்கிறது. 1907-இல் வந்த சட்டம் இதற்கு ஓர் அபூர்வமான அதிகாரம் கொடுத்தது. ஒரு நிலத்தையோ கட்டடத்தையோ கைமாற்ற முடியாதது என்று டிரஸ்ட் அறிவித்துவிட்டால், பிறகு அதே டிரஸ்ட் நினைத்தாலும் விற்க முடியாது. இப்படிப்பட்ட முடிவை எடுக்கும் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது சின்ன விஷயமா, சொல்லுங்கள்.

இரண்டாம் படி: இரண்டு அவைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். அறங்காவலர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் ஓட்டுப் போடுவது கவுன்சிலுக்கு. அதில் 36 பேர்: 18 பேரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறோம், மீதி 18 பேரை டிரஸ்டின் வேலையோடு தொடர்புள்ள வெளி அமைப்புகள் நியமிக்கின்றன. இந்தக் கவுன்சில்தான் அறங்காவலர் குழுவையும் அதன் தலைவரையும் நியமிக்கிறது, அவர்கள் ஒழுங்காக நடத்துகிறார்களா என்று கேள்வியும் கேட்கிறது. கவுன்சிலுக்கும் குழுவுக்கும் தலைவர் ஒருவரே.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 52 பேர் கொண்ட கவுன்சிலே மொத்தமாக அறங்காவலராக இருந்தது. அத்தனை பேர் கூடி ஒரு நிர்வாக முடிவுக்கு வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2003-இல் பிளேக்கன்ஹாம் பிரபு தலைமையில் நடந்த ஆய்வுக்குப் பிறகு, 2005-இல் சிறிய அறங்காவலர் குழு ஒன்று தனியாக வந்தது. சட்டப்படி பொறுப்பு அந்தக் குழுவுக்கு; அன்றாட நிர்வாகம் சம்பளம் வாங்கும் டைரக்டர் ஜெனரலுக்கு. அறங்காவலர்களுக்குச் சம்பளம் கிடையாது.

மூன்றாம் படி: ஓட்டுச்சீட்டை முழுதாகப் படியுங்கள்

ஆண்டுப் பொதுக்கூட்டம் இலையுதிர் காலத்தில் நடக்கும். அதற்கு முன்பே வேட்பாளர்களின் அறிமுகக் குறிப்புகளும், உறுப்பினர்கள் கொண்டுவந்த தீர்மானங்களும், அவற்றுக்கு அறங்காவலர்கள் தரும் பதிலும் வெளியாகும். இரண்டு பக்க வாதத்தையும் படியுங்கள், அரை மணி நேரம் போதும்.

சீட்டில் 'குயிக் ஓட்டு' என்று ஒரு கட்டம் இருக்கும், 2022-இல் வந்தது. அதில் ஒரு டிக் போட்டால் வேட்பாளர், தீர்மானம் எல்லாவற்றிலும் டிரஸ்ட் பரிந்துரைத்தபடியே உங்கள் ஓட்டு பதிவாகும். இதை எடுத்துவிட வேண்டும் என்று ரிஸ்டோர் டிரஸ்ட் என்ற உறுப்பினர் குழு 2023-இல் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. அந்தக் குழுவின் பல கருத்துகளோடு எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனாலும் இந்த ஒன்றில் அவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆளுகிறவர்களைக் கண்காணிக்கப்போகும் கவுன்சிலுக்கு ஆள் எடுக்கும்போது, ஆளுகிறவர்கள் பக்கத்துப் பரிந்துரையை ஒரே டிக்கில் ஏற்பது சுலபமாகவும் மறுப்பது வேலையாகவும் இருக்கக் கூடாது. டிக் போடுவது உங்கள் விருப்பம். படித்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

நான்காம் படி: பிராக்ஸி கொடுத்தால் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்றும் எழுதுங்கள்

கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள் வேறொருவரை, பெரும்பாலும் தலைவரையே, தமக்காக ஓட்டுப் போடச் சொல்லலாம். 'உங்கள் இஷ்டப்படி போடுங்கள்' என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017-ஐப் பாருங்கள். டிரஸ்ட் நிலத்தில் டிரெயில் ஹண்டிங், அதாவது உயிருள்ள விலங்கை அல்ல, முன்கூட்டியே இட்ட வாசனைத் தடத்தை நாய்கள் பின்தொடர்வதாகச் சொல்லப்படும் வேட்டை, தடை செய்யப்பட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 30,686 ஓட்டு. எதிராக உறுப்பினர்கள் தாங்களே போட்டது 27,525. அதோடு, தலைவர் கையில் விடப்பட்டிருந்த 3,460 ஓட்டும் எதிர்ப்பக்கம் சேர, 299 ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. விதியை மீறி எதுவும் நடக்கவில்லை. யார் யாரோ யோசிக்காமல் விட்ட கட்டங்கள்தான் முடிவைத் திருப்பின.

ஐந்தாம் படி: முடிவு வந்த பிறகும் கவனியுங்கள்

உறுப்பினர் தீர்மானம் வென்றாலும் அறங்காவலர்களைக் கட்டுப்படுத்தாது, அது ஆலோசனைதான். ஆனால் அதற்கு எடை உண்டு. 2021-இல் அதே வேட்டைத் தீர்மானம் மறுபடி வந்து 76,816-க்கு 38,184 என்று வென்றது; அடுத்த மாதமே அறங்காவலர் குழு நிரந்தரமாகத் தடை விதித்தது. ஒன்றைக் கவனித்தீர்களா? நடுநிலை வகித்தவர்களையும் சேர்த்தாலும் அன்று பங்கெடுத்தவர்கள் சுமார் 1.33 லட்சம் பேர்தான். மொத்த உறுப்பினர்களோ 50 லட்சத்துக்கும் மேல்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். ஆன்லைன், தபால் ஓட்டுக்கான கடைசி நாள் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும், கூட்டத் தேதியைக் குறித்து வைத்தால் தவறவிடுவீர்கள். மின்னஞ்சல் முகவரி மாறியிருந்தால் கோடைக்காலத்திலேயே டிரஸ்டிடம் சொல்லித் திருத்திவிடுங்கள்.