இரட்டைக்குழல் ஷாட்கன்: ரவை விழும் இடத்தைச் சரிசெய்வது எப்படி?

ரைஃபிளில் குறிபார்க்கப் பின்குறி, முன்குறி என்று இரண்டு உண்டு. ஷாட்கன்னில் குழல் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும்தான். பின்குறி உங்கள் கண். கன்னம் கட்டையில் (தோளில் அணைக்கும் பின்பகுதி) பதியும் இடம் 1 மி.மீ. மாறினாலும் ரவைக்கூட்டம் (தோட்டாவிலிருந்து பரவும் சிறு குண்டுகள்) வேறிடத்துக்குப் போய்விடும். அதனால் குழலைச் சந்தேகிப்பதற்கு முன் கன்னத்தைப் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது ட்ராப் போட்டிக்கான (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடுவது), ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் அமைந்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட போட்டி இதுதான். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா சுடலாம் என்பதால், இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிப்பது முக்கியம்.

தொடங்கும் முன்

உரிமம் உள்ள துப்பாக்கி, அனுமதி பெற்ற ரேஞ்ச், கண்ணாடி, காதுக்கவசம். ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா மட்டும் போடுங்கள். கட்டையைத் தொடுவதற்கு முன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு அறையும் காலி என்று பார்த்துவிடுங்கள்.

எந்தக் கண் ஆதிக்கக் கண் (குறிபார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண்) என்பதையும் இப்போதே கண்டுபிடியுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்துப் பொருளை விரலால் சுட்டி, இடக்கண்ணை மூடுங்கள். விரல் அங்கேயே நின்றால் வலக்கண் ஆதிக்கம், நகர்ந்தால் இடக்கண். வலத்தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடக்கண் ஆதிக்கம் என்றால் ரவை நன்றாக இடப்பக்கம் போகும். கட்டையை எவ்வளவு திருத்தினாலும் அது தீராது. பயிற்சியாளரிடம்தான் போக வேண்டும்.

சோக் குழாய்கள் (ரவை பரவும் அகலத்தைக் கட்டுப்படுத்த, குழல் நுனியில் திருகும் குறுங்குழாய்கள்) முழுதாக முறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தளர்ந்த சோக் ரவையைத் திசைமாற்றும், குழல் நுனியையும் கெடுக்கும்.

படி 1: 14.6 மீட்டரில் தாள்

ஒரு மீட்டர் சதுர வெள்ளைத்தாள், நடுவில் 5 செ.மீ. கறுப்புப் புள்ளி. தூரம் 16 கெஜம், அதாவது 14.6 மீட்டர். இந்தத் தூரத்துக்குக் காரணம் உண்டு. கண்ணிலிருந்து குழல் நுனி மணிவரை ஏறக்குறைய 90 செ.மீ.; அதைப்போல 16 மடங்கு இது. ஆகவே கன்னத்தில் 1 மி.மீ. மாற்றம், தாளில் 16 மி.மீ. நகர்வு. கணக்கு கையோடு வந்துவிடும்.

இறுக்கமான சோக்கைப் போடுங்கள். போட்டியில் சுடும் அதே 24 கிராம் தோட்டாவையே பயன்படுத்துங்கள். தோட்டா மாறினால் அளவும் மாறும்.

கீழ்க்குழலில் தொடங்குங்கள். அதன் உதைப்பு தோளுக்கு நேராக வருவதால் குழல் நுனி குறைவாகவே எழும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, மறுபடி ஏற்றி, தட்டைச் சுடும் வேகத்திலேயே புள்ளியைப் பார்த்துச் சுடுங்கள். ரைஃபிள் போல நிதானமாகக் குறிபார்த்தால் கன்னம் தானாகச் சரிசெய்துகொள்ளும், கட்டையின் குறை மறைந்துவிடும். அதே தாளில் 5 முறை. பிறகு ஓட்டைகள் அடர்ந்த இடத்தின் நடுவைக் கண்ணால் மதித்துக் குறியிடுங்கள். ஒரே ஒரு சூட்டை நம்பி கட்டையைத் தொடாதீர்கள்.

படி 2: எங்கே அடிக்க வேண்டும்?

ட்ராப்பில் தட்டு எழுந்தபடி ஓடுவதால், ரவை பார்வைக்கு மேலே அடிப்பது வசதி. தட்டைக் குழலால் மறைக்காமல் பார்க்கலாம். 36.6 மீட்டரில் (40 கெஜம்) 76 செ.மீ. வட்டத்தில் 60/40 (ரவையில் 60% புள்ளிக்கு மேலே, 40% கீழே) என்றால் நடு சுமார் 7.5 செ.மீ. மேலே, 70/30 என்றால் 15 செ.மீ. 14.6 மீட்டரில் இவை 3 செ.மீ., 6 செ.மீ. ஆகும். தொடக்கநிலையில் 60/40 போதும்.

படி 3: காம்பை நகர்த்துதல்

காம்ப் என்பது கன்னம் பதியும் மேல்விளிம்பு. விதி ஒன்றுதான்: ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கண்ணை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். காம்பை உயர்த்தினால் ரவை மேலே, தாழ்த்தினால் கீழே. வலத்தோள்காரருக்கு இடப்பக்கம் அடித்தால் காம்பை வலப்பக்கம், முகத்திலிருந்து விலக்க வேண்டும். வலப்பக்கம் அடித்தால் முகத்தை நோக்கி. இடத்தோள்காரருக்கும் காம்ப் நகரும் திசை இதேதான்; முகம் மறுபக்கம் இருப்பதால் ‘விலக்குவது’, ‘நெருக்குவது’ மட்டும் இடம் மாறும்.

ஓர் உதாரணம். தாளில் நடு 1 செ.மீ. கீழே, 2 செ.மீ. இடது. வேண்டியது 3 செ.மீ. மேலே. ஆக மேலே 40 மி.மீ., 16-ஆல் வகுத்தால் காம்ப் 2.5 மி.மீ. உயர வேண்டும். வலப்பக்கம் 20 மி.மீ., அதாவது 1.25 மி.மீ.

நகரும் காம்ப் உள்ள துப்பாக்கியில் ஆலன் சாவியால் பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, இரண்டு தண்டுகளிலும் ஒரே உயரத்துக்கு வளையங்கள் போட்டு இறுக்குங்கள். பின்பக்கம் தாழ்ந்தால், தலை முன்னும் பின்னும் நகரும்போதெல்லாம் கண் உயரம் மாறும். பக்கவாட்டையும் உயரத்தையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். உயரம், 5 சூடு, பிறகு பக்கம், மறுபடி 5 சூடு.

நிலையான காம்பில், அட்டையும் மாஸ்கிங் டேப்பும் அடுக்கடுக்காக ஒட்டிப் பாருங்கள். அளவு சரியானதும் தோல் பட்டை ஒட்டிக்கொள்ளலாம். தாழ்த்த வேண்டுமானால் மரத்தைச் சீவ வேண்டும். அதை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சில துப்பாக்கிகளில் குழலின் நடுவிலும் ஒரு மணி இருக்கும்; அப்படியானால் நடுமணியும் நுனிமணியும் ஒன்றன்மேல் ஒன்றாக 8 வடிவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நுனிமணி முழுதாகத் தெரிந்து, நடுமணி அதன் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தோற்றத்தை மனதில் வையுங்கள். பிறகு கன்னம் தவறினால் சுடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

படி 4: இரண்டு குழலும் சேர்கிறதா?

இதைக் கன்னத்தை நம்பாமல் செய்ய வேண்டும். 36.6 மீட்டரில் மணல்மூட்டை மேல் முன்கையை வைத்து, குழல் மூட்டையில் படாமல், ரைஃபிள் போலவே குறிபார்த்துச் சுடுங்கள். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனித் தாள். 5 செ.மீ. வரை வித்தியாசம் 76 செ.மீ. அகலக் கூட்டத்தில் தட்டைத் தவறவிடாது.

வித்தியாசம் அதிகம் என்றால், சோக் குழாய்களை இரண்டு குழல்களுக்கும் இடையே மாற்றிப் போட்டு மறுபடி சுடுங்கள். பிழை குழாயோடு சேர்ந்து நகர்ந்தால் குழாய் கோணல், புதிது வாங்கினால் போதும். பிழை அதே குழலில் நின்றால் குழல்கள் பற்றவைத்த விதத்தில் குறை. காம்பைத் திருத்தினால் இரண்டும் சேர்ந்தே நகருமே தவிர, இடைவெளி குறையாது. குழலை வளைத்துப் பார்க்கும் வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம். தயாரிப்பாளரின் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

ரிப் எனும் மேல்பட்டை உயரம் மாற்றக்கூடியதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். அதன் நுனியை உயர்த்தினால் ரவை கீழே போகும், தாழ்த்தினால் மேலே. காம்புக்கு எதிர்த்திசை. இரண்டையும் ஒரே நாளில் திருகினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். மாற்றிய வளையங்களின் எண்ணிக்கையைத் தாளின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.