மதுரை வெயிலில் மின்வண்டி: மாடிச் சூரிய மின்சாரத்தை வண்டிக்குக் கொண்டுவரும் முறை

மின்வண்டி வாங்கி அதைச் சூரிய மின்சாரத்தில் ஓட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் பேனல் விலையை விசாரிப்பதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இப்போது ஓட்டும் வண்டி நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை ஒரு மாதம் முழுவதும் இரவில் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எதை எவ்வளவு வாங்குவது என்பதற்கு அந்த நோட்டு சொல்லும் பதிலை எந்த விற்பனையாளரும் சொல்லிவிட முடியாது.

திருமங்கலத்தில் குடியிருந்து மதுரைக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர் தினமும் 40 கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மின் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் 30 முதல் 35 கிலோமீட்டர் வரை ஓடும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் அவருக்கு நாளுக்கு ஒன்றரை யூனிட் போதும். நம் பகுதி வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தருகிறது. அதாவது 100 சதுர அடியில் அடங்கும் பேனலில் பாதிகூட அந்த ஸ்கூட்டருக்குத் தேவையில்லை. அதே தூரத்தை ஒரு சிறிய மின்காரில் ஓடினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்ற கணக்கில், வீணாவதையும் சேர்த்து ஆறரை யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 390 யூனிட். ஸ்கூட்டருக்காக மட்டும் பேனல் போடுவதில் பொருளில்லை என்பது என் கருத்து. வீட்டுத் தேவைக்குப் போட்டு, அதில் வண்டியையும் சேர்த்துக்கொள்வதே முறை.

கார் வாங்குபவர்கள் மின்கட்டண அட்டையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீட்டில் இன்னொரு 390 சேர்ந்தால் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டியதும் கீழ்க் கட்டணப் படியில் கிடைத்துவந்த குறைந்த கட்டணம் கைவிட்டுப் போவதோடு, மேல் கட்டணப் படியில் விழும் யூனிட்டுகள் ஒவ்வொன்றும் கூடுதல் விலைக்கு வருகின்றன. பேனல் அதிகம் மிச்சப்படுத்துவது மேல் படியில் விழும் இந்த யூனிட்டுகளைத்தான். ஆகவே 500-க்குள் நிற்கும் வீட்டைவிட அதைத் தாண்டும் வீட்டுக்கே போட்ட பணம் விரைவில் திரும்பும். வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு பிளக்கில் சார்ஜ் ஆகும் கார் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். பளு குறைவாக இருந்தால் முதலில் மின்வாரியத்தில் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மாடி. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால், தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு போதுமானது. சித்திரை பிறக்கும் நாட்களில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்போது மாடியில் நின்று பார்த்தால் எந்த இடத்திலும் நிழலே இல்லாததுபோல் தோன்றும். அதை நம்பி இடம் குறிக்கக் கூடாது. மார்கழியில் சூரியன் தெற்கே வெகுவாகச் சாய்ந்துவிடுகிறது. மாடிப்படிக் கூண்டும் அதன் மேல் தண்ணீர்த் தொட்டியுமாக 12 அடி உயரம் இருந்தால், மார்கழி உச்சி வேளையில் அதன் நிழல் வடக்கே 8 அடிக்கு விழும். காலை 9 மணிக்கு ஏறத்தாழ 20 அடிக்கு நீளும். ஒரு வரிசையில் இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே குறையும். எனவே மார்கழி நிழலைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்கு வெளியே பேனலை அமைக்கச் சொல்லுங்கள்.

வெயில் அதிகமானால் மின்சாரமும் அதிகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பேனலுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. பேனலில் அச்சிட்டிருக்கும் திறன் 25 டிகிரியில் அளந்தது. கத்திரியில் பேனல் 65 டிகிரிக்குச் சூடேறும்போது, டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று வைத்தாலும், 14 சதவீதம் குறைந்துவிடும். அதனால் தளத்தோடு ஒட்டி அமைக்காமல் அடியில் காற்று ஓட இடம் விட வேண்டும். எங்கள் வீட்டில் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குத் தூக்கி அமைத்தோம். வடகம் காயவைக்கும் இடமும் கொடிக்கயிறும் எங்கும் போகவில்லை. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் வலு அதிகம். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் ஊர் இது. ஆனி முடிவதற்குள் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுவது கட்டாயம்.

பேனல் மின்சாரம் தருவது பகலில்; வண்டி வீட்டில் நிற்பது இரவில். இந்த இடைவெளியை நிரப்புவது நிகர மீட்டர். பகலில் மின்வாரியக் கம்பிக்குப் போன யூனிட்டுகள், இரவில் நீங்கள் எடுத்த யூனிட்டுகளோடு கழித்துக்கொள்ளப்படும். இதற்கு ஏற்ற இன்வெர்ட்டர், அதாவது பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி, மின்தடை ஏற்பட்ட கணமே தானாக நின்றுவிடும் என்பதைப் பலர் பணம் கட்டிய பிறகே அறிகிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிர் அதில் அடங்கியிருப்பதால் அப்படித்தான் நிற்க வேண்டும். பராமரிப்புப் பணிக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், நல்ல வெயிலிலும் உங்கள் பேனல் சும்மா கிடக்கும். அந்த அறிவிப்பு முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். முந்தைய இரவே வண்டியைச் சார்ஜ் செய்துவிடுங்கள். இதற்காகவே பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்குவது, வீட்டில் வேறு தேவை இல்லாதவர்களுக்கு வீண் செலவு.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது எர்த் இணைப்பைத்தான். போன கத்திரியில் ஒருநாள் எங்கள் காரின் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. கார் விற்றவர்கள் வீட்டு வயரிங்கில்தான் குறை என்றார்கள். பேனல் போட்டவர்கள் காரில் குறை என்றார்கள். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் எங்கள் தெருவின் வயதான எலெக்ட்ரீஷியன் வந்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வைத்தார். ஓரிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 20-க்கு மேல் காட்டியது. “எர்த்துக் குழி காஞ்சு கிடக்கு சார். ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க, அப்புறம் பேசுவோம்” என்றார். ஊற்றினோம், அரை மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நம் பக்கத்துப் பாறை மண் கோடையில் ஈரமே இல்லாமல் போவதுதான் காரணம். பிறகு துணி துவைக்கும் கல்லுக்கு அருகே, எப்போதும் ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து, கரியும் உப்பும் இட்டுப் புதுக் குழி எடுத்தோம். பேனலுக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனிக் குழி வேண்டும். வண்டிக்கான எர்த்தை இடிதாங்கியின் குழியில் இணைக்க விடாதீர்கள்.

காருக்கு மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி இழுப்பும், 16 ஆம்பியர் பிளக்கும், அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் நிறுத்தும் தனி எம்.சி.பி.யும், மின்கசிவு ஏற்பட்டால் நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். நீட்டிப்புப் பெட்டி கூடவே கூடாது. முதல் சில நாட்கள், சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் உள்ளே கம்பி தளர்ந்திருக்கிறது.

பேட்டரிக்கும் வெயில் ஆகாது. மதியம் ஓட்டிவந்த ஸ்கூட்டரை உடனே சார்ஜில் போடாமல், நிழலில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதம் வரை ஏற்றினால் பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும். மாடிப்படிக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். தீ பிடித்தால் வெளியேறும் வழி அதுவே.

மானியத்துக்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என்பது அதன் அளவு. உள்நாட்டில் தயாரான சூரிய செல்களால் ஆன பேனல் என்றால்தான் மானியம் கிடைக்கும் என்பதால், விலைப்பட்டியலில் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேனலைக் கழுவ விடியற்காலையே ஏற்ற நேரம். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடக்கூடும். ஆழ்குழாய் உப்புநீர் காய்ந்ததும் வெள்ளைப் படலமாகத் தங்கிவிடும், அதைப் பிறகு எடுப்பது கடினம். மழைநீரோ குடிநீரோ ஒரு வாளி போதும்.

காரில் கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 1,400 கிலோ எடையை 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, ஓடும் தூரத்துக்கான செலவு போக, ஏறத்தாழ 8 யூனிட் கூடுதலாக வேண்டும். வத்தலக்குண்டைத் தாண்டுமுன் அது பேட்டரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்ப வரும். ஆகவே மலைமேல் தங்கும் இரவில் 100 சதவீதம் ஏற்றாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது, மலைப்பாதை முழுவதும் பிரேக் கட்டை ஒன்றே வண்டியைத் தாங்க வேண்டியிருக்கும்.