கரையோர நடைக்கு வழிகாட்டி நூல் அச்சிடுகிறீர்களா?

திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கமாகக் கரையோரம் நடப்பவர்களுக்கு வழிகாட்டி நூலொன்றை நீங்களே எழுதி வெளியிட எண்ணினால், முதலில் வரைபடத்தைக் கவனியுங்கள். இணையத்தில் கண்ட படத்தை அப்படியே அச்சிட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை விற்பனை நூலிலும் பயன்படுத்தலாம். மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும்.

அந்தப் படத்தோடு நடந்து, களப்பு நீர் கடலோடு சேரும் இடங்களைக் கையால் குறியுங்கள். கோடையில் மணல் மேடிட்டுக் கிடக்கும் முகத்துவாரம், மாரி மழையில் உடைத்துக்கொண்டு பாயும். எந்த மாதத்தில் பார்த்தீர்கள், கடக்க முடியாவிட்டால் எந்த ஒழுங்கையால் வீதிக்கு ஏறலாம் என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகளோடு வருபவர் உங்கள் வரியை நம்பித்தான் தண்ணீரில் கால் வைப்பார். நூலில் வேறு எது குறைந்தாலும் இது குறையக்கூடாது.

படத்தை இரு பக்கங்களுக்குக் குறுக்கே போடாதீர்கள். நடு மடிப்பில் ஒரு கிராமமே மறைந்துவிடும். அச்சகங்கள் பெரும்பாலும் ஒரே பெரிய தாளை மடித்து வரும் 16 பக்கப் படிவங்களாக அச்சிடுவதால், 48 பக்கத்தில் நிறுத்தினால் தாள் வீணாகாது. நடுவே கம்பித் தையல் போட்டால் நூல் நன்றாக விரியும். பஸ் நேரம், புறாத்தீவுப் படகுக் கட்டணம் போன்றவை அடிக்கடி மாறும். அவற்றைத் தனித்தாளில் அச்சிட்டுச் செருகுங்கள்.

நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு இலங்கைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்ப் பதிப்புக்கும் ஆங்கிலப் பதிப்புக்கும் தனித்தனி எண் தேவை.