லிஸ்பனைத் தண்ணீர்ப் பக்கமிருந்து பார்ப்பது எப்படி

லிஸ்பனுக்கு வரும் சொந்தக்காரர்களை முதல் நாள் காலையில் நான் ஊருக்குள் கூட்டிப்போவதே இல்லை. கைஷ் து சொத்ரே படகுத்துறையில் டிக்கெட் எடுத்து, தேஜோ ஆற்றின் அக்கரையில் இருக்கும் கசில்யாஷுக்குப் போய்விடுவோம். பத்து நிமிடப் பயணம்தான். அங்கே ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்புவோம். அந்தத் திரும்பும் பயணத்துக்காகத்தான் இவ்வளவும். இது கப்பலில் வருகிறவன் கண்ணுக்காகக் கட்டிய ஊர். விமான நிலையத்தில் மெட்ரோ ஏறி நடு ஊரில் வெளியே வந்தால், கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடும்.

படகு கரையை நெருங்கும்போது கவனியுங்கள். வலப்பக்கக் குன்றின் உச்சியில் சாவ் ஜோர்ஜ் கோட்டை. அதன் சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். இடப்பக்கம் இன்னொரு குன்று. இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் மட்டும், நூல் பிடித்து வைத்தாற்போல ஒரே உயரத்தில் கட்டடங்கள். குன்றில் தாறுமாறு, பள்ளத்தில் நேர்கோடு. ஏன் இப்படி என்பதற்குப் பதில் ஒரே ஒரு தேதி: 1755 நவம்பர் 1.

அன்று சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், கோயில்கள் நிரம்பி மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் நிலம் ஆடியது. இடிபாடுகளுக்குத் தப்பியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். ஆறு முதலில் உள்வாங்கியது. பிறகு கடல் அலை ஆற்றின் வழியே ஏறி வந்து அவர்களை அள்ளிக்கொண்டது. மிச்சத்தைப் பல நாள் எரிந்த தீ முடித்தது. எனவே இந்த ஊரில் எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும், இது நிலநடுக்கத்துக்கு முந்தியதா பிந்தியதா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். வழிகாட்டிப் புத்தகம் இல்லாமலே பாதி ஊர் புரிந்துவிடும்.

படகு விட்டு இறங்கியதும் ஆற்றோரமாகவே கிழக்கே நடங்கள். அந்த நடைபாதைக்கு ரிபெய்ரா தஷ் நாவுஷ் என்று பெயர். 'நாவு' என்றால் பெரிய பாய்மரக் கப்பல். இந்தியாவுக்குப் போன கப்பல்களைக் கட்டிய துறை இதுதான். கடைசியில் ஆற்றுக்குள் இறங்கும் கல் படிகளும் இரண்டு தூண்களும் வரும். அதுதான் ஊரின் தலைவாசல். அதையடுத்த பெரிய சதுக்கத்துக்கு அரசு வைத்த பெயர் 'வணிகச் சதுக்கம்'. ஊர்க்காரர்களோ இன்றும் 'தெரைரோ து பாசோ' என்பார்கள், அதாவது அரண்மனை முற்றம். அரண்மனை 1755-லேயே போய்விட்டது. கிழக்கத்தி வாணிபம் முழுவதையும் நடத்திய 'காசா த இந்தியா' என்ற இந்திய மாளிகையும் அந்த வளாகத்தோடு அழிந்தது. பெயர் மட்டும் வாய்வழியாக நிற்கிறது.

சதுக்கத்திலிருந்து எல்லாரும் வளைவு வாசலைத் தாண்டி அகுஸ்தா தெருவில் போவார்கள். நீங்கள் பக்கத்துத் தெருவுக்கு மாறிவிடுங்கள். இந்தப் பகுதி முழுவதும் பைஷா. பிற்காலத்தில் பொம்பால் மார்க்கேஷ் என்று பட்டம் பெற்ற அமைச்சர் சாம்பலிலிருந்து எழுப்பியது. தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு, சேணம் செய்பவர் தெரு, துணி வியாபாரிகள் தெரு என்று தொழில்வாரியாகப் பிரித்தார்கள். சுவர்களுக்குள் மரச்சட்டங்களைப் பெருக்கல் குறி போலக் கோத்து ஒரு கூண்டு வைத்தார்கள். அதைக் 'கையோலா' என்பார்கள், பறவைக் கூண்டு என்று அர்த்தம். நிலம் ஆடினால் கல் உதிரலாம், கூண்டு ஆளைக் காப்பாற்றும் என்ற கணக்கு. ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாதபடி நடுச்சுவரைக் கூரைக்கு மேலும் உயர்த்தினார்கள். கொஞ்சம் எட்ட நின்று கூரை வரிசையைப் பார்த்தால் அது தெரியும். அதே அமைச்சர் நாட்டின் எல்லாப் பங்குக் கோயில்களுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார். நிலநடுக்க அறிவியல் இங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் சொல்வது சரியென்றே படுகிறது.

சேணக்காரர் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் அகழாய்வு இடம் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். உரோமர்கள் மீனை உப்பிலிட்ட தொட்டிகளை அங்கே பார்க்கலாம். ஊருக்கு அப்போது ஒலிசிப்போ என்று பெயர். மீனும் உப்பும் அன்றிலிருந்து இந்தத் துறையை விட்டுப் போகவில்லை.

வடக்கே நடந்து ரொசியோ சதுக்கத்தை அடைந்ததும், அதை ஒட்டிய சாவ் தொமிங்கோஸ் கோயிலுக்குள் கட்டாயம் போங்கள். 1959-ல் தீப்பிடித்தது. கூரையைப் புதிதாகப் போட்டார்கள், தூண்களையும் சுவர்களையும் பூசி மறைக்கவில்லை. ஒரு தூணில் கை வைத்துப் பாருங்கள், வெப்பத்தில் பிளந்த கல் பாளம் பாளமாக வெடித்து நிற்கும். வெளியே சதுக்கத்தில் யூத நட்சத்திரம் பொறித்த ஒரு நினைவுக் கல் உண்டு. 1506-ல் வலுக்கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களை இந்த இடத்திலிருந்து கிளம்பிய கூட்டம் நாள் கணக்கில் வேட்டையாடியது. மேற்கே கொஞ்ச தூரத்தில் 'கறுப்பர்களின் கிணறு' என்றே பெயர் கொண்ட தெரு இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு இறந்த ஆப்பிரிக்கர்களின் உடல்களைப் போடக் குழி வெட்டும்படி 1515-ல் மன்னர் மனுவேல் இட்ட ஆணையோடு சேர்ந்த பெயர் அது. மிளகின் கதையைக் கேட்க வந்தவர்கள் இதையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பிறகு கார்மோ. சாந்தா ஜுஸ்தா என்ற 45 மீட்டர் இரும்பு லிப்டுக்கு நிற்கும் வரிசையில் நேரத்தைக் கொடுக்காதீர்கள். தெருவழியே ஏறினால் அதே மேட்டுக்குத்தான் வருவீர்கள். இந்த ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இங்கேதான் அனுப்புவேன். 1389-ல் தொடங்கிய கார்மேல் மடத்துக் கோயில் இது. தூண்கள் இருக்கின்றன, அவற்றை இணைக்கும் கூர்வளைவுகளும் இருக்கின்றன, 1755-ல் விழுந்த கூரை மட்டும் இல்லை. பலிபீடத்தை நோக்கி நடக்கும் இடத்தில் புல். அண்ணாந்தால் மீனின் முள்ளெலும்பு போல வளைவுகள், இடையே நேராக வானம். ஒருமுறை நான் நிற்கும்போதே தூறல் போட்டது. ஓரமாக ஒதுங்கி நின்றோம். எட்டு வயது அக்கா மகள், "இதை ஏன் மாமா மூடாம விட்டாங்க?" என்று கேட்டாள். மூடத் தொடங்கினார்கள், இடையில் நிறுத்திவிட்டு அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்றேன். அவள் அந்தப் புல்லையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழையைச் சொன்னதும் ஒன்று. நடைபாதைகளில் பதித்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பல தலைமுறைக் கால்பட்டு வழவழப்பாகியிருக்கும். நனைந்தால் எண்ணெய் கொட்டிய தரைதான். இறக்கத்தில் வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு மூன்று வாரம் கட்டுப்போட்டுக் கிடந்தது. ரப்பர் அடி வைத்த செருப்போ ஷூவோ போடுங்கள்.

மாலை அல்ஃபாமாவுக்கு. பாறைமேல் நிற்பதால் 1755-ஐப் பெரும்பாலும் தாங்கிய குன்று. அரபு நாட்களின் பெயர், அரபு நாட்களின் சந்துகள். வரைபடத்தை மடித்து வையுங்கள், வழி தவறினால் இறக்கத்தில் நடந்தால் போதும், ஆறு வந்துவிடும். ஏறும் வழியில் பேராலயத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கோயில் இருக்கும். நாம் பதுவை அந்தோணியார் என்று கும்பிடுகிற புனிதர் பிறந்த இடம் அதன் அடியில்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு அவர் லிஸ்பன் அந்தோணியார். அவர் திருநாளுக்கு முந்திய ஜூன் 12 இரவு தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகையாக இருக்கும்.

காதையும் திறந்து வையுங்கள். நான் முதன்முதலாக வாடகைக்கு வந்தபோது வீட்டுக்காரம்மா ஒரு இரும்புச் சாவியைக் கையில் கொடுத்து "ஷாவ்" என்றார். ஜன்னலைத் திறந்து "ஜனெலா", மேஜையைத் தட்டி "மேஸா", மூலையைக் காட்டி "அர்மாரியு" என்றார். அன்று எனக்குப் போர்த்துகீசியம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் வீடு முழுக்கப் புரிந்துவிட்டது. இந்தச் சொற்கள் எல்லாம் இந்தத் துறையிலிருந்து கப்பல் ஏறி நம்மிடம் வந்தவை.

இரண்டாம் நாளைப் பெலேமுக்கு ஒதுக்குங்கள். வாஸ்கோ ட காமா 1497 ஜூலையில் கிளம்பிய கரை அது. கொச்சியில் 1524-ல் இறந்தவர் இப்போது ஜெரோனிமோஸ் மடத்துக் கோயிலில் கிடக்கிறார். அந்த மடத்தின் கல்லில் கப்பல் கயிறும் முடிச்சும் செதுக்கியிருப்பதைத் தொடும் தூரத்தில் பாருங்கள். கிழக்கத்தி வணிகத்தின் மீது போட்ட வரியில் எழுந்த கட்டடம் இது. அதன் ஒரு பகுதியில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான், 1554-ல் லிஸ்பனில் அச்சான தமிழ் ஞான உபதேச நூல் இருக்கிறது. தமிழ் முதன்முதலாக அச்சேறியது இங்கேதான், ஆனால் ரோமன் எழுத்தில். உழைத்த தமிழர்கள் மூவர்: விசெந்தே தெ நசரே, ஜோர்ஜ் கார்வால்யோ, தோமே த குரூஸ். காட்சிக்கு வைத்திருப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ஆனாலும் அந்த வாசலில் ஒரு நிமிடம் நிற்காமல் நான் போனதில்லை.

பெலேம் கோபுரத்துக்கு உள்ளே போக முடியாவிட்டாலும் வருத்தம் வேண்டாம். மேற்குப் பக்கம் போய்க் காவல் கூண்டின் அடியைப் பாருங்கள். தேய்ந்துபோன ஒரு காண்டாமிருகத் தலை தெரியும். 1515-ல் குஜராத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய விலங்கின் நினைவு அது.

திரும்பும்போது ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். சிவப்புப் பாலத்தின் அடியில் ரயில் போகும். ஜன்னல் திறந்திருந்தால், மேலே இரும்புத் தளத்தில் வண்டிகள் ஓடும் ரீங்காரம் கேட்கும்.