நசுங்கிய நரம்பு வளர்ந்துவிட்டதா? எலியின் காலடித் தடத்தில் அளக்கும் முறை

நரம்புக் காயத்தையும் அதன் மீட்சியையும் ஆராய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கற்பது எலியின் சியாட்டிக் நரம்பை (தொடை வழியாகப் பாதம் வரை இறங்கும் பெரிய நரம்பு) நசுக்கும் சோதனை. கை பழகிவிட்டால் அறுவை அரை மணி நேர வேலை. தவறு நடப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு, அளக்கும் இடத்தில். நரம்பு உண்மையிலேயே வளர்ந்திருப்பது வேறு, எலி இருப்பதை வைத்துச் சமாளித்து நடப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணினால், வேலை செய்யாத மருந்தும் வேலை செய்தது போலத் தெரியும்.

ஏன் வெட்டாமல் நசுக்குகிறோம்

மருத்துவர் செடான் 1943இல் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். நசுக்கல் அதில் நடு வகை. ஆக்ஸான் (நரம்புச் செல்லின் நீண்ட இழை) அறுந்துவிடும், ஆனால் நரம்பின் வெளியுறை அறாது. ஆக்ஸானைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுக் குழாயும் அப்படியே இருக்கும். காயத்துக்குக் கீழே உள்ள ஆக்ஸான் ஓரிரு நாளில் சிதையத் தொடங்கும் (1850இல் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து விவரித்தது இதைத்தான்). புதிய ஆக்ஸான் அந்தப் பழைய குழாய் வழியாகவே இறங்கி, தன் பழைய தசைக்கே போய்ச் சேரும். முழுக்க வெட்டித் தைத்தால் குழாய் வாய்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. பாதத்தை மேலே தூக்கும் தசைக்குப் போக வேண்டிய ஆக்ஸான் கீழே அழுத்தும் தசைக்குப் போய்விடும். வளர்ச்சியின் வேகம்தான் உங்கள் கேள்வி என்றால் நசுக்குங்கள். வழி கண்டுபிடிப்பது பற்றிய கேள்வி என்றால் வெட்டித் தைக்கும் முறைக்குப் போங்கள்.

அறுவை

இந்தியாவில் செய்வதானால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே எலியைத் தொட வேண்டும். மருந்தளவுகளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

200 முதல் 250 கிராம் எடையுள்ள வளர்ந்த எலி போதும். குட்டி எலி வேண்டாம். அதில் நரம்பைக் காயப்படுத்தினால் முதுகுத்தண்டில் உள்ள நியூரானே (நரம்புச் செல்லே) செத்துவிடும். ஐசோஃப்ளுரேன் மயக்க வாயுவை 3–4 சதவீதத்தில் தொடங்கி, தூங்கியதும் 1.5–2க்கு இறக்குங்கள். விரலிடுக்கை அழுத்தினால் கால் இழுக்கக் கூடாது. அடியில் 37 டிகிரி சூட்டுத் தட்டு, கண்ணில் களிம்பு. வலி மருந்தை வெட்டுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். எலிக்குப் பொதுவாக புப்ரினார்ஃபின் கிலோவுக்கு 0.05 மி.கி., மெலாக்சிகாம் கிலோவுக்கு 1 மி.கி. மெலாக்சிகாம் அழற்சியைக் குறைக்கும். சிதைந்த மயலினை (ஆக்ஸானின் கொழுப்புறை) அள்ளிப் போடும் மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் அந்த அழற்சியோடு வருபவை. அதனால் எல்லாக் குழுவுக்கும், நசுக்காமல் திறந்து மூடிய குழுவுக்கும்கூட, ஒரே அளவு ஒரே நேரத்தில் கொடுங்கள். ஒரு குழுவுக்கு மட்டும் நிறுத்துவது அறமும் அல்ல, அறிவியலும் அல்ல.

தொடைப் பக்கத்தில் முடி மழித்து, தொடை எலும்புக்குச் சற்றுப் பின்னால் அதற்கு இணையாக 2 செ.மீ. கீறுங்கள். தசையை அறுக்க வேண்டாம். இரண்டு தசைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடாகத் தெரியும் இணைப்பில் மழுங்கிய கத்தரியை மூடியபடி நுழைத்து விரித்தால் ரத்தமே வராமல் பிரியும். உள்ளே பளபளவென்று வெள்ளைக் கயிறு போலக் கிடப்பதுதான் சியாட்டிக். கீழே அது மூன்றாகப் பிரியும். அந்தப் பிரிவுக்கு 10 மி.மீ. மேலே நசுக்குங்கள், எல்லா எலியிலும் அதே இடத்தில். 5 மி.மீ. மேலே போனால் ஆக்ஸான் அவ்வளவு கூடுதல் தூரம் வளர வேண்டும். எலியில் அது நாளுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளர்வதால், கிட்டத்தட்ட இரண்டு நாள் பிசகு அங்கேயே வந்துவிடும்.

கருவி வழவழப்பான வாய் உள்ளதாக இருக்க வேண்டும். பல் வெட்டிய ஹீமோஸ்டாட் (ரத்தக் குழாயைப் பிடிக்கும் பூட்டு இடுக்கி) சில ஆக்ஸான்களை நசுக்கும், சிலவற்றை விட்டுவிடும். அந்தத் தப்பிய ஆக்ஸான்கள் மூன்றாம் நாளே காலை அசைக்க, "அற்புத மீட்சி" என்று எழுதத் தோன்றும். இடுக்கியின் பூட்டை எல்லா எலிக்கும் ஒரே படியில் வைத்து 30 நொடி பிடியுங்கள். எடுத்ததும் அந்த இடம் வெள்ளை போய்க் கண்ணாடி போலத் தெரிய வேண்டும், ஆனால் உறை கிழிந்திருக்கக் கூடாது. பிறகு அங்கே தேடினால் தெரியாது என்பதால், உறையில் மட்டும் மிக மெல்லிய 10-0 நைலான் தையல் ஒன்று போட்டு அடையாளம் வையுங்கள்.

தடம் எடுப்பது

8 செ.மீ. அகலம், அரை மீட்டருக்குக் குறையாத நீளம் கொண்ட பாதை. முடிவில் இருட்டுப் பெட்டி. கீழே வெள்ளைத் தாள். நச்சில்லாத, தண்ணீரில் கரையும் நிறம், இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. அறுவைக்கு முன் சில நாள் வெறுமனே நடக்கப் பழக்குங்கள். பழகாத எலி நடுவில் நின்று மோந்து பார்க்கும், அந்தத் தடம் பயன்படாது. நிறத்தை மெல்லப் பூசுங்கள். வழிய வழியப் பூசினால் விரல்களுக்கு நடுவே ஊறி, விரல் முனை எது என்றே தெரியாது. முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள், எலி நக்கும்.

இயல்பான பின்னங்கால் தடம் விரித்த விசிறி மாதிரி இருக்கும். ஐந்து விரலும் தனித்தனி, குதிகால் பதியாது. நசுக்கிய காலின் தடம் நீளமாக, ஒடுங்கி, குதிகால் வரை பதிந்திருக்கும்.

நிற்காமல் நடந்த தடங்களில் காலுக்கு நான்கைந்தை எடுத்து மூன்று நீளங்களை அளக்கவும்: தடத்தின் பின் முனையிலிருந்து மூன்றாம் விரல் முனை வரை (தட நீளம்), முதல் விரலுக்கும் ஐந்தாம் விரலுக்கும் இடை (விரிவு), இரண்டாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடை (நடு விரிவு). ஒவ்வொன்றிலும் காயப்பட்ட காலின் அளவிலிருந்து நல்ல காலின் அளவைக் கழித்து, நல்ல காலின் அளவால் வகுங்கள். ஒப்பிடுவது அன்றே எடுத்த மறுகால் தடத்தோடு. அறுவைக்கு முந்தைய தடத்தோடு ஒப்பிட்டால், எலி வளர வளரப் பாதமும் வளர்வது கணக்கைக் கெடுக்கும்.

இந்த மூன்று விகிதங்களையும் சேர்த்து, சியாட்டிக் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரே எண்ணில் சொல்ல 1989இல் பெய்னும் மெக்கின்னனும் ஹன்டரும் திருத்தித் தந்த சூத்திரம்:

குறியீடு = (−38.3 × தட நீளம்) + (109.5 × விரிவு) + (13.3 × நடு விரிவு) − 8.8

காயப்பட்ட காலில் தட நீளம் 32க்குப் பதில் 44 மி.மீ., விரிவு 18க்குப் பதில் 9, நடு விரிவு 10க்குப் பதில் 6 என்று வைத்துக்கொள்வோம். விகிதங்கள் 0.375, −0.5, −0.4. குறியீடு −14.4 − 54.8 − 5.3 − 8.8, அதாவது சுமார் −83. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இயல்பு, −100 என்றால் முழு இழப்பு. எடை அதிகம் விரிவுக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். அதை அரை மில்லிமீட்டர் தப்பாக அளந்தாலே குறியீடு மூன்று புள்ளி நகரும். இந்தச் சூத்திரம் பெரிய எலிக்கு மட்டும். சுண்டெலிக்கு வேறு சூத்திரம் உண்டு, மாற்றிப் போடாதீர்கள்.

7ஆம், 14ஆம், 21ஆம், 28ஆம் நாள் அளந்தால் போதும். நல்ல நசுக்கலில் மூன்று நான்கு வாரத்தில் குறியீடு பூஜ்யத்தை நெருங்கும். முதல் வாரத்தில் விரல் சுருண்டிருந்து முனை பதியவில்லை என்றால் ஊகித்து எண் போடாமல் "அளக்க முடியவில்லை" என்று எழுதுங்கள். தாளில் குழுவின் பெயர் இருக்கக் கூடாது. எண் மட்டும் போட்டு, எது எந்தக் குழு என்று தெரியாத ஒருவரிடம் அளக்கக் கொடுங்கள்.

ஏமாற்றும் இரண்டு இடங்கள்

உணர்வு திரும்பியதா என்று தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனையைப் பாதத்தின் உள் ஓரத்தில், முதல் விரல் பக்கம், செய்யாதீர்கள். அங்கே தோலுக்கு வரும் சஃபீனஸ் நரம்பு தொடை நரம்பின் கிளை, நீங்கள் தொடாத நரம்பு. அது பக்கவாட்டில் கிளைவிட்டுப் பாதத்துக்குள் பரவும். எலி காலை இழுத்ததும் சியாட்டிக் வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். வெளி ஓரத்தில், ஐந்தாம் விரலில் கிள்ளுங்கள். அது சியாட்டிக்குக்கு மட்டுமே உரிய இடம்.

இன்னொன்று, கடைசியில் நரம்பை வெட்டியெடுத்து ஆக்ஸான்களை எண்ணுவது. மீளும் ஆக்ஸான் ஒன்று பல கிளை விடும் என்பதால் எண்ணிக்கை இயல்பைவிடக் கூடுதலாகவே வரலாம். அது நல்ல மீட்சிக்குச் சான்று ஆகாது. மயலின் தடிமனையும் சேர்த்துப் பாருங்கள். புதிய மயலின் மெலிதாக இருக்கும். கெண்டைக்கால் தசையை இரண்டு பக்கமும் எடுத்து எடை போட்டு விகிதம் பாருங்கள். எடுத்த உடனே தராசில் வைக்க வேண்டும். மேசையில் காத்திருந்தால் காய்ந்து எடை குறையும், முதலில் எடுத்த பக்கம் அதிகம் குறையும்.