முதல் மலை சைக்கிளில் நான் செய்த தப்பு

காட்டுப்பாதையில் ஓட்ட ஆசைப்பட்டு, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மலிவான சைக்கிளை வாங்கினேன். பார்க்க மிரட்டலாக இருந்தது. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் பின்பக்கம் தவளை மாதிரி குதித்தது. மிதித்த பலமெல்லாம் அதிலேயே போனது. ஃபிரேமும் ஒரு அளவு பெரிது, கால் ஊன்றி நின்றால் மேல்குழாய் இடித்தது. (எங்கே என்று கேட்காதீர்கள்.)

அதை விற்று, மேலே கொஞ்சம் பணம் போட்டு, முன்னால் மட்டும் 120 மி.மீ. வரை அமுங்கும் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கவை), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள ஹார்ட்டெயில், அதாவது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள் எடுத்தேன். இந்த முறை நின்று பார்த்தேன்: மேல்குழாய்க்கு மேல் நாலு விரல் இடைவெளி. சரி.

அப்புறமும் முன்சக்கரம் கற்களில் துள்ளியது. டயரில் காற்றழுத்தம் 50 பி.எஸ்.ஐ., ரொம்ப அதிகம்! 30-க்கு இறக்கினேன். நான் ஏறினால் ஃபோர்க் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக அமுங்கும்படி அதற்குள் இருக்கும் காற்றையும் சரிசெய்தேன். வளைவில் டயர் மண்ணைப் பிடிக்க ஆரம்பித்தது.